1863இல் லிங்கன் விடுவித்தது யாரை?

களுவாஞ்சிக்குடி: உயர்தர வரலாற்றுக்கு ஒரு சந்தேகம். 1863இல அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் விட்ட விடுதலைப் பிரகடனத்தோட அடிமைமுறை முடிஞ்சுதா? பிறகேன் அதை ஒழிக்க அரசியலமைப்பில 13ஆம் திருத்தம்?

அக்கரைப்பற்று: முடியல்ல தம்பி. அது போர்க்கால உத்தரவு, கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டும். ஒன்றியத்தோட (லிங்கன்ட அரசோட) நின்ற கென்டக்கி, டெலவெயருக்கு இல்ல. நாடு முழுக்க ஒழிக்கத்தான் 13ஆம் திருத்தம். அரசியலமைப்பைத் திருத்த 36 மாநிலங்களில 27 சம்மதிக்கணும். 1865 டிசம்பர் 6இல ஜோர்ஜியாவோட கணக்கு நிறைஞ்சது. இரண்டையும் குழப்பினா புள்ளி போகும்.

ஏறாவூர்: அந்தத் திருத்தத்திலயும் ஓட்டை இருக்கு. குற்றத்துக்குத் தண்டனையெண்டால் கட்டாய வேலை வாங்கலாம். தெற்கில வேலையில்லாமத் திரிஞ்ச கறுப்பினத்தவரைப் பிடிச்சு, தண்டம் அடிச்சு, சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டாங்க.

களுவாஞ்சிக்குடி: விடுதலைக்குப் பிறகு அங்க நடந்த வாரப் பயிர்ச்செய்கை, அதாவது அடுத்தவன்ட காணியில செய்து விளைச்சலில பங்கு குடுக்கிறது, நம்மட போடியார் (காணிக்காரர்), முல்லைக்காரன் (அவர்ட வயலைச் செய்றவன்) மாதிரியா?

அக்கரைப்பற்று: கிட்டத்தட்ட. ஆனா அது பருத்தி, நெல்லு மாதிரி அவிச்சுத் தின்ன ஏலா. பெரும்பாலும் விளைச்சலில பாதி காணிக்காரனுக்கு. மிச்சத்தில விதை, மா, பன்றியிறைச்சி வாங்கின கடன் வட்டியோட கழியும். கடன் கணக்குக் கொப்பி கடைக்காரன்ட கையில.