மறு: ஸ்டெபிலைஸ்டு அப்ரோச் – ‘தாங்கிறக்கம்’ எனலாமா?

> ‘நிலைப்புற்ற அணுகல்’ என்றே வைத்துவிடலாமே, எதற்கு இத்தனை இழுவை?

விமானம் தரையிறங்க வரும்போது வேகம், சரிவு, எஞ்சின் விசை எல்லாவற்றையும் முன்னமே சீராக அமைத்துக்கொண்டு இறங்குவதைத்தான் ஸ்டெபிலைஸ்டு அப்ரோச் என்கிறார்கள். அதற்கு அப்படி வைக்கலாங்க, தப்பில்லை. ஆனால் அதில் இறக்கமும் தெரியவில்லை, எஞ்சின் உழைப்பதும் தெரியவில்லை. சின்னியம்பாளையம் பக்கம் நின்று பாருங்கள், கோவையில் இறங்க வரும் விமானம் சக்கரத்தையும் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) விரித்துக்கொண்டு, இரைச்சல் அடங்காமல்தான் தலைக்கு மேல் போகும்.

இறங்குவதற்கு எதற்கு எஞ்சின், திம்பம் மலைப்பாதையில் லாரி ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டா இறங்குகிறது என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். லாரிக்கு மிதித்தவுடன் பிக்கப் கிடைத்துவிடும். ஜெட் எஞ்சின் அப்படியில்லை, ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில் சும்மா சுழலும் நிலையில்) கிடந்தால் உள்ளே சுழலி வேகம் பிடிக்கவே நேரமாகும். முழு விசையை ஒட்டி வர அமெரிக்கச் சான்றிதழ் விதி தரும் கெடு 5 நொடி. 3 பாகைச் சரிவில் நிமிடத்துக்கு 700 அடி இறங்குகிற விமானம் அதற்குள் 60 அடி கீழே போயிருக்கும். அதனால்தான் ஃபிளாப், சக்கரம் எல்லாவற்றையும் முன்னமே விரித்துக் காற்றின் தடையைக் கூட்டிவிட்டு, அதை ஈடுகட்ட எஞ்சினை ஓரளவு விசையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். மேகமூட்டமென்றால் 1000 அடி உயரத்துக்கு இறங்குவதற்குள், வெளி தெளிவாகத் தெரிந்தால் 500 அடிக்கு இறங்குவதற்குள் வேகம், சரிவு, விசை எல்லாம் அமைந்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி மேலேறிச் சுற்றி வர வேண்டும் என்பது பரவலான நடைமுறை. 2013 ஜூலை 6 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 விமானம் ஒன்று 500 அடிக்குக் கீழேயும் ஐடிலிலேயே வந்து, வேகம் குறைந்து, கடைசி நொடிகளில் தள்ளிய விசை போதாமல் ஓடுபாதைக்கு முன்னிருந்த தடுப்புச் சுவரில் மோதியது. 3 பேர் இறந்தார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரை இறக்கும்போது மேலே நாலு பேர் கயிற்றைப் பிடித்திருப்பார்கள், கீழே நிற்கிறவர் “தாங்கி விடுங்க, தாங்கி விடுங்க” என்று கத்திக்கொண்டே இருப்பார். மோட்டார் தன் எடையில் தானாகவே இறங்கத்தான் போகிறது, ஆனாலும் கயிறு தொய்யவே கூடாது. ஒருமுறை தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுத்ததில் என் சித்தப்பாவின் உள்ளங்கைத் தோல் போய்விட்டது. விமானி செய்வதும் அந்தத் தாங்கி விடுவதைத்தான். ஆகவே ‘தாங்கிறக்கம்’.

> தாங்கி என்றால் பேரிங் அல்லவா?

அகராதியில்தான். கோவை கணபதியில் எந்தப் பட்டறையிலாவது போய் “ஒரு தாங்கி கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

எஞ்சின் வேகம் பிடிக்க எடுக்கும் அந்தச் சில நொடிக்கு ‘முடுக்கச் சுணக்கம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘தாமதம்’ போதுமென்பவர்கள் சொல்லுங்கள். எனக்கென்னவோ தாமதம் என்றால் ரயில்தான் ஞாபகம் வருகிறது.