யுடோஃபு கடைக்குப் போகும் சைவக்காரர்களுக்கு: சட்டியில் பிரச்சினை இல்லை, தொட்டுக்கொள்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்

ஒசாகா, கியோட்டோ பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கியவர், தான் சைவம் என்று சொன்னதும் கூட வேலை பார்க்கும் ஜப்பானியர் சொல்லும் முதல் யோசனை, “கியோட்டோவில் போய் யுடோஃபு சாப்பிடுங்கள்” என்பதுதான். நல்ல யோசனை. ஆனால் டோஃபு கடை என்றாலே சுத்த சைவம் என்று நம்பிப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

யுடோஃபு என்பது வெந்நீரில் சூடாகும் டோஃபு, அதாவது சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் கட்டி. மண்சட்டியின் அடியில் ஒரு துண்டு கொன்பு, அதாவது காய்ந்த கடல்பாசி. மேலே தண்ணீர், அதில் டோஃபு. பெரும்பாலும் உப்புகூடப் போடுவதில்லை. இதுவரை எந்தக் குறையும் இல்லை. சிக்கல் பக்கத்தில் வைக்கும் சின்னக் குடுவையில் இருக்கிறது. அந்தக் கருப்புச் சாற்றில் சோயா சாஸ், மிரின் எனும் அரிசி மது, கூடவே பெரும்பாலும் கட்சுவோ தாஷியும் இருக்கும். தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைக்காரர்களுக்கும் மாசிக் கருவாடு தெரியும். அதே சூரை மீனைப் புகைபோட்டுக் கட்டையாகக் காயவைத்துச் சீவினால் கட்சுவோபுஷி. அதைக் கொதிநீரில் போட்டு இறக்கி வடிகட்டியதுதான் தாஷி. தெளிவாக இருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால் பரிமாறுபவரே “மீன் இல்லை” என்று மனதாரச் சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. தாஷியை மீனாகவே அவர் நினைப்பதில்லை.

எனவே “பெஜிதாரியன்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நேராக “கட்சுவோ தாஷி வா ஹைத்தே இமாஸு கா?” என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், “ஓஷோயு தோ ஓஷியோ ஓ குதாசாய்”. வெறும் சோயா சாஸும் உப்பும் கொண்டுவந்து வைப்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சாற்றைவிட உப்புதான் பிடிக்கும், டோஃபுவின் ருசி அதில்தான் தெரிகிறது. சிலர் “மீன் அலர்ஜி என்று சொல்லிவிடுங்கள், சுலபம்” என்பார்கள். வேண்டாம். அலர்ஜி என்றதும் சமையலறை பயந்துபோகும், ஒரே கரண்டி, ஒரே எண்ணெய் என்று காரணம் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பவும் கூடும்.

யுடோஃபுவுக்குப் பேர்போன இடம் கியோட்டோவில் நான்சென்ஜி கோயிலைச் சுற்றியுள்ள பகுதி. 1291இல் தொடங்கிய ஜென் பௌத்தக் கோயில் அது. துறவிகளின் மரக்கறிச் சாப்பாட்டை ஒட்டித்தான் இந்தக் கடைகளும் வளர்ந்தன. 1635 முதல் நடப்பதாகச் சொல்லும் ஒகுதானும், ஜுன்செய்யும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். ஜுன்செய் இருக்கும் இடம் 1839இல் டச்சு மருத்துவம் சொல்லிக்கொடுக்கக் கட்டிய பள்ளி, தோட்டத்தைப் பார்க்கவே போகலாம். ஒசாகாவிலிருந்து ஜேஆரின் ஷின்கைசொகு எனும் விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் கியோட்டோ. அங்கிருந்து கராசுமா சுரங்க ரயில், கராசுமா ஒயிகேவில் தோசாய் பாதைக்கு மாறி, கெயாகேயில் இறங்கி நடக்க வேண்டும்.

ஒரு ஆளுக்கு 3,000 யென்னுக்கு மேல் எடுத்துவையுங்கள். வெறும் டோஃபுவுக்கா இவ்வளவு என்று வயிறு எரியும், எனக்கும் எரிந்தது. ஆனால் வருவது ஒரு முழுச் சாப்பாடு: எள்ளில் செய்த கோமா டோஃபு, குச்சியில் குத்தி மிசோ எனும் புளித்த சோயா விழுதைத் தடவிச் சுட்ட தெங்காகு, மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புரா, சோறு, ஊறுகாய். இதிலும் கொஞ்சம் கவனம் தேவை. டெம்புரா மாவில் முட்டை இருக்கலாம், அதற்கு வைக்கும் சாற்றில் தாஷி இருக்கும், உப்பில் தொட்டுக்கொள்ளுங்கள். சேப்பங்கிழங்குபோல் வழுவழுப்பான தொரோரோ கிழங்குச் சாறு, மிசோ சூப் இரண்டையும் கேட்காமல் தொடாதீர்கள். ஊறுகாய் மேல் மெல்லிய பழுப்புச் சீவல் அசைந்துகொண்டிருந்தால் அது கட்சுவோபுஷியேதான்.

சாப்பிடும் முறை ஒன்றும் கஷ்டமில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை காத்திருக்காதீர்கள். டோஃபு லேசாக ஆடத் தொடங்கியதும் ஓட்டைக் கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். விட்டால் உள்ளே துளை துளையாகி ரப்பராகிவிடும். முதல் துண்டை எதுவும் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு வெங்காயத்தாள், துருவிய இஞ்சி. குழம்புக்குப் பழகிய நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கும். மேசையில் ஷிச்சிமி டப்பா இருக்கும், மிளகாயும் எள்ளும் கலந்த பொடி, அதைக் கொஞ்சம் தூவிக்கொள்ளுங்கள். பையிலிருந்து ஊறுகாய்ப் பாக்கெட்டை மட்டும் எடுக்காதீர்கள், தயவுசெய்து.

அப்புறம், பல கடைகள் மாலைக்கு முன்பே மூடிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு என்று திட்டம் போட வேண்டாம். நவம்பரில் இலை சிவக்கும் நாட்களில் முன்பதிவு இல்லாமல் போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும். டிப்ஸ் வைக்காதீர்கள், பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டவருக்கு: அவர்கள் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காதவர்கள் என்றால் கியோட்டோவின் அராஷியாமாவில் தென்ரியுஜி கோயிலுக்குள்ளேயே இருக்கும் ஷிகெட்சுவுக்குப் போங்கள். அது ஷோஜின் ரியோரி, துறவிச் சமையல். மீன் தாஷியும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது, கேள்வியே கேட்க வேண்டாம். தோட்ட நுழைவுச் சீட்டு மட்டும் தனி. ஆனால் தரையில் உட்கார வேண்டியிருக்கலாம். முட்டிவலிக்காரர்கள் என்றால் எந்தக் கடைக்கும் முன்பதிவின்போதே “இசு செகி” உண்டா என்று கேளுங்கள், நாற்காலி இருக்கை. தொலைபேசியில் பேசத் தயக்கமாக இருந்தால் கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லுங்கள், சந்தோஷமாகப் பேசித் தருவார்கள். தாஷி விஷயத்தையும் அப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். நேரில் போய்க் கேட்டால் சாறு ஏற்கெனவே கலந்து முடிந்திருக்கும்.

டோக்கியோவில் இருப்பவர்களுக்கு: கியோட்டோ தூரம் என்றால் நிக்கோ போகலாம். அசகுசாவிலிருந்து தோபு விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே பேர்போனது யுபா, சூடான சோயாப்பால் மேல் படியும் ஆடை. கியோட்டோவில் ஓரத்திலிருந்து ஒற்றையாக எடுப்பார்கள். நிக்கோவில் நடுவில் தூக்கி இரண்டாக மடிப்பதால் தடிமனாக இருக்கும். சுருட்டிப் பொரித்து இனிப்புச் சாற்றில் வேகவைத்துத் தருவதுதான் அங்கே அதிகம். அந்தச் சாற்றிலும் தாஷி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். “நாமா யுபா” என்று கேட்டால் வேகவைக்காமல் தருவார்கள், வசாபி எனும் காரமான பச்சை விழுதும் வெறும் சோயா சாஸும் போதும்.