மகன் சியாச்சினில், பதினொரு நாளாகப் பேச்சில்லை

கேள்வி (காட்பாடி அம்மா):
என் மகனுக்கு 23 வயது, மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். போன மாதம் சியாச்சின் பனிமலைக்கு ஏறினான். பதினொரு நாளாக அழைப்பே இல்லை. அவன் அப்பா விடிய விடியச் செய்தி பார்க்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் எல்லாம் எப்படி நாளைக் கடத்தினீர்கள்?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
அம்மா, நானும் அங்கே இருந்தவன். அடிவார முகாமே சுமார் 12,000 அடி. உடல் பழக, நிறுத்தி நிறுத்தித்தான் மேலே அனுப்புவார்கள். பனிப்புயல் அடித்தால் பல நாள் பேச முடியாது. ஏதாவது என்றால் படைப்பிரிவிலிருந்தே தகவல் வரும், தொலைக்காட்சியை அணையுங்கள். அவன் ராணுவ எண், பதவி, பெயர், யூனிட், அதன்கீழ் அவன் கொடுத்த ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) எண் எழுதிக் கடிதம் போடுங்கள். பசு கன்று ஈன்றதை என் அம்மா எழுதியிருந்தார். இறங்கும்வரை அந்தக் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

லடாக்கின் லே நகரில் மகள் இருக்கும் ஓர் அம்மா:
அக்கா, என் மகள் ராணுவ நர்ஸ். முதல் குளிர்காலம் நானும் இப்படித்தான் சாப்பிடாமல் கிடந்தேன். அவள் அழைத்த அன்று என் குரலே எழவில்லை, பயந்துவிட்டாள். அவனுக்காகவாவது சாப்பிடுங்கள்.

காட்பாடி அம்மா:
இன்றே எழுதுகிறேன் ஐயா. அவன் நட்ட முருங்கை பூத்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.