அப்பாவின் இடுப்பில் வட்டத் தடிப்பு: படர்தாமரையா, எக்ஸிமாவா?

கவின்மொழி:
அப்பாவுக்கு 63 வயது. பெல்ட் படும் இடத்தில் வட்டமாக ஒரு தடிப்பு வந்தது. தம்பிக்காக வாங்கி வைத்திருந்த க்ளோபெட்டசால் களிம்பை எடுத்துப் பூசிக்கொண்டார். அரிப்பு அடங்கி நிறமும் மங்கியது. நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஓரமும் சரியாகத் தெரியவில்லை, சின்னச் சின்னக் கொப்புளங்கள் வேறு. இது படர்தாமரையா, எக்ஸிமாவா, சொரியாசிஸா? டாக்டரிடம் போகத்தான் போகிறோம், அதற்கு முன் எதைக் கவனித்து வைக்கலாம்?

நீலவண்ணன்:
வட்டமாக இருந்தால் படர்தாமரைதான், சந்தேகமே வேண்டாம். பூஞ்சைக் களிம்பு ஒன்று வாங்கிப் பூசுங்கள், போய்விடும்.

ஸ்லைடுக்காரன்:
தோல் பிரிவு ஆய்வகத்தில் செதில் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் வேலை. நீலவண்ணன், வட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். எக்ஸிமாவிலேயே நாணயம் மாதிரி வட்டமாக வரும் வகை ஒன்று உண்டு. அதில் வட்டம் முழுக்க ஒரே மாதிரி செதிலும் கசிவும் இருக்கும், பெரும்பாலும் கைகால்களில் பல திட்டுகளாக வரும். படர்தாமரையில் ஓரம்தான் உயிரோடு இருக்கும்: சற்றே மேடாக, செதிலோடு வெளியே நகரும், நடு தெளியும். சொரியாசிஸ் என்றால் தடித்த வெள்ளிச் செதில், முழங்கை, முழங்கால், உச்சந்தலை, பெரும்பாலும் இரு பக்கமும். கருத்த தோலில் சிவப்பைத் தேடாதீர்கள், பழுப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும்.

ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் இந்த அடையாளமெல்லாம் கலைந்திருக்கும். க்ளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. அது அழற்சியை அடக்கும், பூஞ்சையைத் தொடாது. தோலின் எதிர்ப்பு தூங்கிவிட, பூஞ்சை நிம்மதியாகப் பரவும். அரிப்பு குறைந்து, நிறுத்தியதும் பெரிதாகத் திரும்பியது என்ற கதையைக் கேட்டதுமே எனக்குப் பூஞ்சைச் சந்தேகம்தான் வருகிறது. இப்படி ஸ்டீராய்டு பூசி வருபவர்களின் ஸ்லைடில் பூஞ்சை இழைகள் காடாக மண்டிக் கிடக்கும். ஸ்டீராய்டையும் பூஞ்சை மருந்தையும் ஒரே டியூப்பில் கலந்து விற்கிறார்களே, அதன் மேல் எனக்குத் தீராத கோபம்.

சோதனை எளிதுதான். ஓரத்துச் செதிலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுவோம், தோல் செல்கள் கரைந்து இழைகள் தெரியும். அதனால் போவதற்கு முன் பூஞ்சைக் களிம்பைப் பூசிவிடாதீர்கள், பூஞ்சை இருந்தும் சோதனையில் அகப்படாமல் போகலாம். பூசிய டியூப்பைக் கையோடு கொண்டுபோங்கள். தொடையிடுக்கு, கால் விரல் இடுக்கு, நகம் எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். அங்கே பூஞ்சை ஒளிந்திருந்தால் இடுப்பை மட்டும் ஆற்றிப் பயனில்லை.

மழைத்துளி:
ஒன்று சேர்க்கிறேன். திட்டு அரிக்காமல், தொட்டால் உணர்வும் குறைந்திருந்தால் தள்ளிப்போடக் கூடாது, தொழுநோய்க்குப் பார்க்க வேண்டும். சூடாக, வலியோடு, காய்ச்சலோடு வேகமாகப் பரவினால் அன்றே மருத்துவமனை.

கவின்மொழி:
உணர்வு நன்றாகவே இருக்கிறது. தொடையிடுக்கிலும் இருக்கிறதாம், இதுவரை சொல்லவே இல்லை! அப்புறம், அம்மாவுக்கும் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிப்பு. ராத்திரியில் தூங்க முடியவில்லை. அப்பாவிடமிருந்து ஒட்டியதா?

ஸ்லைடுக்காரன்:
அம்மாவுடையது வேறு கதையாக இருக்கலாம். ராத்திரி அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு என்றால் முதலில் சிரங்குப் பூச்சியைத்தான் நினைக்க வேண்டும். இருவரையும் ஒன்றாகக் கூட்டிப் போங்கள். சிரங்கு என்று உறுதியானால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும், அரிக்காதவர்களும்தான். முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் பூச்சி அடுத்தவருக்குப் போய்விடும். சிரங்குப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5% களிம்பு கொடுத்தால் வழக்கமாக ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூசச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் சில வாரம் அரிக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அம்மா தினமும் பூச ஆரம்பித்துவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.