ஆப்பிரிக்க அரசுகளைப் புரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்குவது?

வழிப்போக்கன் (கேள்வி)

சில மாதங்களாக ஆப்பிரிக்க நாடுகளின் அரசியல் வரலாற்றைப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. நம் இதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே விளக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. 1884-85 பெர்லின் மாநாட்டை ஒட்டி ஐரோப்பியர்கள் வரைபடத்தில் கோடு கிழித்தார்கள், ஒன்றோடொன்று ஒட்டாத இனக்குழுக்கள் அந்தக் கோடுகளுக்குள் அடைபட்டன, ஆகவே சண்டை ஓயவில்லை என்பதுதான் அது. இது எனக்குச் செரிக்கவில்லை. சோமாலியாவில் மிகப் பெரும்பாலானோர் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே மதத்தைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் 1991-ல் அங்கே நடுவண் அரசே இல்லாமல் போயிற்று. டான்சானியாவின் பெருநிலப் பகுதியிலோ 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழ்கின்றன. விடுதலைக்குப் பின் அங்கே உள்நாட்டுப் போர் மூளவில்லை. கோடும் இனவேற்றுமையும்தான் காரணம் என்றால் இந்த இரண்டு நாடுகளின் கதையும் இடம் மாறியல்லவா இருந்திருக்க வேண்டும்?

54 நாடுகளுக்கும் பொருந்தும் ஒரு சூத்திரத்தை நான் கேட்கவில்லை. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டால் முதலில் எதைப் பார்ப்பது? தேர்தலையா, ராணுவத்தையா, கனிம வளத்தையா?


தாழிசை (பதில்)

மூன்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தலைநகரிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் நிலத்தைப் பிரித்துக் கொடுப்பவர் யார், வழக்கைத் தீர்ப்பவர் யார், வரி தண்டியவர் யார் என்று முதலில் பாருங்கள். காலனி ஆட்சியின் கடைசி ஐம்பது ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் இம்மூன்றுக்கும் ஒரே விடைதான் இருந்தது: மரபுத் தலைவர். விடுதலை பெற்ற அரசுகள் அந்த மனிதரை என்ன செய்தன என்பதிலிருந்து தொடங்கினால், பல நாடுகளின் கதை தானாகவே பிரிந்து தெரியும்.

மறைமுக ஆட்சி என்று நாம் பாடத்தில் படித்த ஏற்பாட்டை நைஜீரியாவில் முறைப்படுத்தியவர் பிரிட்டிஷ் ஆளுநர் லுகார்ட். (அவர் 1858-ல் பிறந்தது நம் சென்னையில் என்பது பலருக்குத் தெரியாது.) வடக்கு நைஜீரியாவில் எமிர்கள் என்னும் முஸ்லிம் மன்னர்களின் ஆட்சி ஏற்கெனவே இருந்தது, எழுத்தில் அமைந்த சட்டம், நீதிமன்றம், வரி எல்லாம் இருந்தன. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே ஓர் ஆங்கில அதிகாரியை அமர்த்தினால் போதும் என்றாகிவிட்டது. சிக்கல் தென்கிழக்கில் எழுந்தது. அங்கே இக்போ மக்களில் பெரும்பாலோருக்கு அரசர் என்று ஒருவர் இல்லை; மூத்தோர் அவைகளும் வயதுக் குழுக்களும் பெண்களின் கூட்டங்களும் சேர்ந்துதான் ஊர்க் காரியங்களை முடிவு செய்தன. இல்லாத தலைவரை எங்கே தேடுவது? சிலரைப் பிடித்து, 'வாரண்ட்' என்ற சீட்டைக் கையில் கொடுத்து, இனி நீதான் தலைவன் என்றார்கள். ஊரில் நேற்றுவரை ஒரு சொல்லுக்கு மதிப்பில்லாதவர் இன்று வழக்கைத் தீர்க்கவும் கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கவும் அதிகாரம் பெற்றுவிட்டார்.

1928-ல் ஆண்களுக்கு வரி விதித்தார்கள். அடுத்த ஆண்டு ஒலோகோ என்ற ஊரில் பெண்களையும் ஆடுகளையும் எண்ணத் தொடங்கியபோது, அடுத்த வரி பெண்களுக்குத்தான் என்ற பேச்சு பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு சீட்டுத் தலைவர்களின் வீடுகளைச் சூழ்ந்து அமர்ந்தார்கள். பாட்டுப் பாடியே நாணவைத்தார்கள். தலைமைக்கு அடையாளமான தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். நீதிமன்றங்களுக்குத் தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அதன் பிறகே அந்தச் சீட்டு முறையை அரசு கைவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காலனிக்கு முந்தைய காலத்தில் நிலம் மிகுதி, ஆட்கள் குறைவு. தலைவர் கொடுங்கோலர் என்றால் மக்கள் மாடுகன்றுகளோடு வேறிடம் பெயர்ந்துவிடுவார்கள். ஆளில்லாத தலைவருக்கு மதிப்பேது? அந்தக் கடிவாளத்தை அறுத்தது காலனி அரசு. தலைவருக்குப் பின்னால் துப்பாக்கி நின்றபோது அவர் தம் மக்களுக்கு அஞ்ச வேண்டிய தேவை அற்றுப்போயிற்று. விடுதலை நாளில் கொடி மாறியது, நகரத்துக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் ஊரில் அதே மனிதர் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.


ஓய்வுபெற்ற ஆசிரியர் (பதில்)

1990-களில் போட்ஸ்வானாவில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்தவன் நான். தாழிசை சொன்னதற்குத் துணையாக இரண்டு தலைவர் வீட்டுப் பிள்ளைகளின் கதையைச் சொல்கிறேன்.

ஒருவர் செரெட்சே காமா. பாமங்வாட்டோ மக்களின் தலைமைக்கு உரிய வாரிசு. 1948-ல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். பக்கத்திலிருந்த வெள்ளையர் தென்னாப்பிரிக்கா சினந்ததும், அதன் மனம் நோகக் கூடாதென்று பிரிட்டன் அவரை நாடு கடத்தியது. தலைமைப் பதவியைத் துறப்பதாகச் சொன்ன பிறகே, 1956-ல், ஊர் திரும்ப முடிந்தது. 1966-ல் நாடு விடுதலை பெற்றபோது அவர்தான் முதல் குடியரசுத் தலைவர். மறு ஆண்டே, நிலத்தடிக் கனிமங்களின் உரிமையை இனக்குழுக்களிடமிருந்து நாட்டுக்கு மாற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதே 1967-ல் ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒராபா இருப்பது அவருடைய சொந்த மக்களின் பகுதியில்! தம் வீட்டுச் சொத்தாக வைத்துக்கொண்டிருக்கக்கூடியதை நாட்டுக்கு எழுதிக் கொடுத்தவர், பிறகு 1968-ல் நிலம் பிரித்துக் கொடுக்கும் அதிகாரத்தையும் தலைவர்களிடமிருந்து எடுத்து நில வாரியங்களுக்குக் கொடுக்கச் சட்டம் செய்தார்.

ஆனால் தலைவரை ஒழிக்கவில்லை. வழக்காற்று நீதிமன்றமும் 'கோட்லா' என்னும் ஊரவையும் அவரிடமே இருந்தன. நான் பார்த்த கோட்லா நம் ஊர்ச் சாவடியை நினைவூட்டியது: மரக்கழிகளை அரைவட்டமாக நட்ட வெளி, தாழ்வான நாற்காலிகள், எவரும் எழுந்து பேசலாம் என்ற வழக்கம். அமைச்சரே ஆனாலும் புதிய திட்டம் என்றால் அங்கே வந்து விளக்க வேண்டும். ஒரு முறை ஒரு முதியவர் அமைச்சரை நோக்கி, நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை, மறுபடி முதலிலிருந்து சொல் என்றார். அமைச்சரும் சொன்னார். "கோசி கே கோசி கா மொராஃபே" என்று ட்ஸ்வானா மொழியில் ஒரு பழமொழி உண்டு. மக்களால்தான் தலைவர் தலைவராகிறார் என்பது அதன் பொருள்.

மற்றவர் டான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியெரெரே. அவரும் சனாக்கி இனக்குழுத் தலைவர் ஒருவரின் மகன். விடுதலைக்குப் பின், 1963-ல், தலைவர் பதவிகளையே சட்டப்படி ஒழித்தார். அந்த இடத்தில் கட்சியை வைத்தார்; பத்து வீட்டுக்கு ஒரு கட்சிப் பொறுப்பாளர். சுவாஹிலி எல்லோருக்கும் பொதுமொழியாயிற்று. டான்சானியாவில் இனக்குழு அடிப்படையில் கட்சி வளராமல் போனதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள் என்பது என் கருத்து. எனினும் 1973 முதல் 1976 வரை லட்சக்கணக்கான உழவர்களைப் புதிய கிராமங்களில் கட்டாயமாகக் குடியேற்றினார்களே, அப்போது கட்சிக்காரரை மறித்துப் பேச ஊரில் எந்த அவையும் மிஞ்சியிருக்கவில்லை. நானும் ஆசிரியன் என்பதால், மக்கள் 'ஆசிரியர்' என்றே அழைத்த அவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது.


குறுக்குக்கேள்வி (பதில்)

ஆசிரியர் ஐயா போட்ஸ்வானாவைச் சற்று அன்போடு வரைந்துவிட்டார். கோட்லாவில் எவரும் பேசலாம் என்பது வழக்கம். எல்லோருடைய பேச்சுக்கும் ஒரே எடை இருந்ததா? அரசியலமைப்பின்படி தலைவர்கள் அவையில் எட்டு ட்ஸ்வானாக் குழுக்களின் தலைவர்களே தலைமை உரிமையால் இடம் பெற்றார்கள். பிற குழுக்களுக்கு அந்த உரிமை இல்லை, அந்த விதியைத் திருத்த 2005 ஆயிற்று. மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து சான் என்னும் பழங்குடி மக்களை 1997-லும் 2002-லும் வெளியேற்றினார்கள்; அது சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2006-ல். விடுதலை முதல் ஆண்ட ஒரே கட்சி 2024 அக்டோபர் தேர்தலில்தான் தோற்றது, 58 ஆண்டுகள்! டான்சானியாவில் அதுவும் நடக்கவில்லை, 1961 முதல் ஆள்வது ஒரே கட்சியும் அதன் வழிவந்த கட்சியும்தான்.

தவிர, வைரம் கிடைத்த அரசு ஊர்க்காரரிடம் வரி கேட்டு நிற்க வேண்டியதில்லை. கருவூலம் சுரங்கத்தால் நிரம்பும்போது தலைவரின் அதிகாரத்தைக் குறைப்பதும் எளிது, அவருக்கு மரியாதை செய்வதும் எளிது. ஆகவே ஊரில் யார் ஆள்கிறார் என்பதோடு, அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தலைவரை வைத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்த நாட்டுக்கு உகாண்டாவைப் பாருங்கள். அங்கே புகாண்டா என்ற பழைய முடியரசு இருந்தது. அதன் அரசர் கபாகா. பிரிட்டிஷார் 1900-ல் செய்த உடன்படிக்கையில் கபாகாவுக்கும் அவருடைய தலைவர்களுக்கும் சதுர மைல் கணக்கில் நிலத்தைத் தனிச்சொத்தாகவே கொடுத்தார்கள். மைல் என்ற சொல்லே திரிந்து 'மைலோ' நிலம் ஆயிற்று. 1962-ல் விடுதலை வந்தபோது பிரதமர் ஒபோட்டே கபாகாவின் ஆதரவாளர் கட்சியோடு கூட்டணி வைத்தார். 1963-ல் கபாகா இரண்டாம் முட்டேசா நாட்டின் குடியரசுத் தலைவரும் ஆனார். ஒரு நாட்டின் தலைவரே அந்த நாட்டுக்குள் இருக்கும் ஒரு முடியரசின் அரசராகவும் இருந்தால் எந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்திடுவார்? 1966 மே மாதம் ஒபோட்டேயின் படை அரண்மனையைத் தாக்கியது. முட்டேசா தப்பி லண்டனுக்குப் போய் 1969-ல் அங்கேயே இறந்தார். 1967-ல் முடியரசுகள் ஒழிக்கப்பட்டன. 1993-ல் குடியரசுத் தலைவர் முசெவேனி அவற்றை மீட்டுக் கொடுத்தார், பண்பாட்டு நிறுவனங்களாக மட்டும், அரசியல் கூடாது என்ற நிபந்தனையோடு. 2009-ல் கபாகா கயுங்கா என்ற ஊருக்குப் போவதை அரசு தடுத்தபோது கம்பாலாவில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. பண்பாட்டுக்கும் அரசியலுக்கும் இடையே கோடு போடுவது எழுத்தில்தான் எளிது.


வழிப்போக்கன்

மூவருக்கும் நன்றி. வரைபடத்தின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஊருக்குள் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் என் முதல் கேள்வியிலிருந்த சோமாலியா இன்னும் நிற்கிறது. அரசர், கபாகா, எமிர் என எவரும் பெரும்பகுதியில் இல்லாத மேய்ச்சல் சமூகம் அது. அங்கே இந்த விளக்கம் எப்படிப் பொருந்தும்?


தாழிசை (பதில்)

பொருந்துகிறது, ஆனால் தலைகீழாக. சோமாலியரை இணைப்பதும் பிரிப்பதும் குலக்கால்வழி. சண்டை வந்தால் மூத்தோர் மரத்தடியில் கூடி, இறந்தவருக்கு இத்தனை ஒட்டகம் என்று இழப்பீடு பேசித் தீர்ப்பது அவர்கள் வழக்கம். 1969-ல் ஆட்சியைப் பிடித்த சியாத் பரே குலத்தை ஒழித்துவிட்டதாக அறிவித்தார். குலப்பற்றுக்கு உருவபொம்மை செய்து எரிக்கவும் செய்தார்கள். நடைமுறையில் தமக்கு நெருங்கிய குலங்களையே பதவிகளில் நிரப்பினார். 1988-ல் வடக்கே ஹர்கெய்சா நகரத்தைத் தம் சொந்த நாட்டு விமானங்களை விட்டே குண்டு வீசித் தகர்த்தார். 1991-ல் அவர் வீழ்ந்தபோது தெற்கில் எஞ்சியவை துப்பாக்கியும் குலமும்தான். மூத்தோரின் சொல்லைக் கேட்க ஆளில்லை.

வடக்கே, முன்பு பிரிட்டிஷ் பகுதியாக இருந்த சோமாலிலாந்தில், காலனி ஆட்சியின் கை அவ்வளவு ஆழமாக இறங்கவில்லை; மூத்தோர் அவைகள் பிழைத்திருந்தன. 1991 மே மாதம் அது தனிநாடாகத் தன்னை அறிவித்தது. 1993-ல் போராமா என்ற ஊரில் மூத்தோர் மாதக்கணக்கில் கூடிப் பேசி, சண்டைகளைத் தீர்த்து, முகமது இப்ராஹிம் எகாலைத் தலைவராகத் தேர்ந்தார்கள். குறுக்குக்கேள்வி சொன்ன பணக் கணக்கு இங்கேதான் வருகிறது. அங்கீகாரம் இல்லாததால் வெளிநாட்டுக் கடன் கிடைக்கவில்லை. பெர்பெரா துறைமுகத்தின் கால்நடை ஏற்றுமதித் தீர்வையும் வணிகர்கள் கொடுத்த கடனுமே கருவூலம். கொடுப்பவர்களிடம் பேசித்தான் அரசு நடத்த முடிந்தது.

இதையும் பொன்னுலகமாக எண்ண வேண்டாம். 82 பேர் கொண்ட மூத்தோர் அவையான குர்ட்டிக்கு இன்றுவரை தேர்தல் நடக்கவில்லை; தன் பதவிக்காலத்தைத் தானே பலமுறை நீட்டிக்கொண்டது. ஆனாலும் 2024 நவம்பரில் ஆளும் தலைவர் தேர்தலில் தோற்றார், பதவி அமைதியாகக் கைமாறியது.


ஓய்வுபெற்ற ஆசிரியர்

உகாண்டா பற்றி ஒரு சிறு சேர்க்கை. 1966-ல் கபாகாவின் அரண்மனையைத் தாக்கிய படையை நடத்தியவர் இடி அமீன். நம்மவர் பலருக்கு அந்தப் பெயர் 1972-ல் ஆசியர்களை வெளியேற்றிய ஆணையால் மட்டுமே நினைவிருக்கிறது. அரசரை அடக்க ஒபோட்டேவுக்கு வேறு துணை இல்லை, படைத்தலைவரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1971 ஜனவரியில் ஒபோட்டே சிங்கப்பூர் மாநாட்டுக்குப் போயிருந்தபோது அதே அமீன் ஆட்சியைப் பிடித்தார். அதைக் கேட்டு கம்பாலாவில் புகாண்டா மக்கள் தெருவில் இறங்கி ஆடிப்பாடினார்கள். லண்டனில் இறந்த முட்டேசாவின் உடலை அந்த ஆண்டிலேயே அமீன் ஊருக்குக் கொண்டுவரச் செய்தார், அரசருக்குரிய மரியாதையோடு அடக்கமும் நடந்தது. முடியரசை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.