கஸ்டடி கேஸ்ல பையன்கிட்ட ஜட்ஜ் பேசணுமாம், அவனை எப்படித் தயார் பண்றது?

அக்காவுக்கும் மாமாவுக்கும் டைவர்ஸ் கேஸ் நடக்குது, பையனுக்கு 9 வயசு. அடுத்த மாசம் ஜட்ஜ் அவன்கிட்ட தனியா பேசுவாங்களாம். அதைக் கேட்டதுலேர்ந்து சரியா சாப்பிடல, நேத்து ராத்திரி என் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டு "சித்தி, நான் அம்மா பேரைச் சொன்னா அப்பா இனிமே வரவே மாட்டாரா"ன்னு கேக்கறான். என்ன சொல்லணும்னு முன்னாடியே சொல்லிக்குடுத்துடலாமா?

பதில் 1:
தயவுசெஞ்சு சொல்லிக்குடுக்காதீங்க. இந்த மாதிரி பிள்ளைங்களோட கவுன்சிலிங் வேலை பாக்கறேன், மனப்பாடம் பண்ணிட்டு வந்த பேச்சு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும், 9 வயசுப் பிள்ளை வாயில வக்கீல் வார்த்தை வரும். ஐ.நா.வோட 1989 குழந்தை உரிமை உடன்படிக்கைல 12வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, தன்னைப் பாதிக்கற விஷயத்துல பேச குழந்தைக்கு உரிமை உண்டு, வயசையும் பக்குவத்தையும் பாத்து அதுக்கு மதிப்பு குடுக்கணும். உரிமைதான், கட்டாயம் இல்ல, அவன் பேச இஷ்டமில்லன்னும் சொல்லலாம். யாருகிட்ட இருக்கணும்னு முடிவு பண்றது அவன் வேலையே இல்ல, அது ஜட்ஜ் பொறுப்பு. அப்புறம் 9வது பிரிவு, பிரிஞ்ச அப்பா அம்மா ரெண்டு பேரையும் தொடர்ந்து பாக்கறது குழந்தையோட உரிமை, அது குழந்தையோட நலனுக்கு எதிரா இருந்தா மட்டும்தான் தடுக்கலாம். அவன் கேட்ட கேள்விக்குப் பதிலே இதுதான்.

பதில் 2:
சட்டம் சரிதாங்க, ஆனா கேக்கற விதம் ரொம்ப முக்கியம். எனக்கு 11 வயசுல அப்பா அம்மா ரெண்டு பேரையும் எதிர்ல வச்சுக்கிட்டே கேட்டாங்க. அப்பா குனிஞ்சு செருப்பையே பாத்துக்கிட்டிருந்தாரு, நான் அம்மான்னு சொன்னேன், அதுக்கப்புறம் பல வருஷம் அவர் முகத்தைப் பாத்துப் பேச முடியல. அதனால ரூம்ல யார் யார் இருப்பாங்க, அவன் சொல்றதை எழுதி ரெண்டு பக்கமும் காட்டுவாங்களான்னு வக்கீல்கிட்ட இப்பவே கேளுங்க. தெரியாம "யாருக்கும் தெரியாதுடா"ன்னு மட்டும் வாக்கு குடுத்துடாதீங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். வக்கீல்கிட்ட பேசினேன், அக்கா மாமா ரெண்டு பேருமே வெளியதான் இருப்பாங்களாம். பையன்கிட்ட நீ யாரையும் செலக்ட் பண்ண வேண்டாம்டா, மனசுல இருக்கறதைச் சொன்னா போதும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அப்போ இதே ஸ்கூலுக்குத்தான் போவேனான்னு நான் ஜட்ஜ்கிட்ட கேக்கலாமா"ன்னான். கேளுடான்னேன்.