கடைசி நாள் கூத்தும் பழைய டிவியும்

குழு: ஆயா வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை

மாலை 6:12 – சித்தப்பா: கார்த்தி, நீ ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்துவிட்டுப் போன, திரௌபதி அம்மன் திருவிழாக் கடைசி நாள் கூத்து வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றப் பார்த்தேன். ஃபைல் ரொம்பப் பெரிது, ஏறாது என்கிறது. ஃபைல் 14 ஜிபி. பென் டிரைவ் 32 ஜிபி, முழுக்கக் காலி. இது என்ன கணக்குப்பா?

6:14 – அத்தை: ஆயா அஞ்சரைக்கே வெற்றிலைப் பெட்டியோடு டிவி முன்னால் உட்கார்ந்தாச்சு. சீக்கிரம் போடுங்க.

6:21 – கார்த்தி: சித்தப்பா, அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 என்று, ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு பழைய முறையில் இருக்கும். அதில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது.

6:22 – சித்தப்பா: குதிர் காலி, வாய்தான் சின்னது என்கிறாய்.

6:22 – கார்த்தி: அதேதான் 😀 என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறையில் ஃபார்மட் செய்து பாருங்கள். அதில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

6:55 – சித்தப்பா: செய்தேன். ஃபைல் ஏறிவிட்டது. ஆனால் டிவிக்கு இப்போது பென் டிரைவே கண்ணுக்குத் தெரியவில்லை.

6:57 – கார்த்தி: சரி, பழையபடி ஃபேட்32-க்கே மாற்றிவிடுங்கள். பெரியப்பா வேஷம் கட்டி நுழைகிற இடத்தை மட்டும் மூன்று நிமிடம் தனியாக வெட்டி வைத்திருக்கிறேன், அதே டிஸ்க்கில். முதலில் அது ஓடுகிறதா பாருங்கள்.

7:10 – சித்தப்பா: பெயர் தெரிகிறது. அமுக்கினால் ‘இந்த ஃபைலை இயக்க முடியாது’. அதே ஃபைல் லேப்டாப்பில் வி.எல்.சி. பிளேயரில் அருமையாக ஓடுகிறது. அண்ணன் மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது.

7:11 – பெரியப்பா: கிரீடம் சாயாமல் இருக்கிறதா?

7:11 – சித்தப்பா: அதெல்லாம் இருக்கிறது அண்ணா. ஓடினால்தானே பார்க்க.

7:13 – தேன்மொழி: எனக்கும் அதே துண்டைக் கார்த்தி அனுப்பியிருந்தான். இங்கே கிருஷ்ணகிரியில் எங்கள் டிவியில் ஓடியதே! ஆமாம், லேப்டாப்பையே ஹெச்டிஎம்ஐ ஒயர் போட்டு டிவியில் மாட்டக் கூடாதா?

7:14 – சித்தப்பா: இந்த லேப்டாப்பில் அந்த ஓட்டை ஆடுகிறதும்மா. ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் படம் வரும். மூணே முக்கால் மணி நேரம் யார் பிடிப்பது?

7:16 – அத்தை: ஃபைல் பெயரில் கடைசியில் எம்ஓவி என்று இருக்கிறதாம். அதை அழித்துவிட்டு எம்பி4 என்று போட்டால் ஓடிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான்.

7:18 – சித்தப்பா: போட்டாச்சு அக்கா. ஓடவில்லை.

7:20 – கார்த்தி: அத்தை, எம்ஓவி, எம்பி4 எல்லாம் வெறும் பெட்டி. தோத்தாபுரிப் பெட்டி மேல் மல்கோவா என்று எழுதினால் உள்ளே இருப்பது மல்கோவா ஆகிவிடுமா? உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. சித்தப்பா, வி.எல்.சி.யில் வீடியோவை ஓடவிட்டுக் கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அமுக்குங்கள். கோடெக், அதாவது சுருக்கும் முறை, என்ற இடத்தில் என்ன இருக்கிறது?

7:26 – சித்தப்பா: எச்.265 என்று இருக்கிறது. கீழே 10 பிட். ஆடியோவில் பிசிஎம்.

7:28 – கார்த்தி: தப்பு என் பேரில்தான். இடம் மிச்சமாகட்டும் என்று டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் எச்.265-ல் எடுத்துவிட்டேன். அந்த டிவி எந்த வருடம் வாங்கியது?

7:29 – அத்தை: தேனு கல்யாணத்துக்கு முந்தின வருடம். 2012.

7:31 – கார்த்தி: எச்.265 என்ற தரமே 2013-ல்தான் வந்தது. டிவிக்குப் பிறகு பிறந்த பிள்ளையை டிவிக்கு எப்படி அடையாளம் தெரியும்? வி.எல்.சி. ஏறக்குறைய எல்லா முறைக்குமான பிரிப்பானையும் தன்னோடே கொண்டுவருகிறது, அதனால் லேப்டாப்பில் ஓடுகிறது. டிவியில் சிப் என்ன கற்றிருக்கிறதோ அவ்வளவுதான். எச்.264 என்றால் பெரும்பாலும் ஓடும், அது 2003-லேயே வந்தது.

7:33 – கார்த்தி: ஹேண்ட்பிரேக் என்று வீடியோவை வேறு முறைக்கு மாற்றும் ஒரு மென்பொருள், இலவசம். இறக்கி, அந்த மூன்று நிமிடத் துண்டைக் கொடுங்கள். ஃபார்மட் எம்பி4, வீடியோ எச்.264, ஆடியோ ஏஏசி.

8:05 – சித்தப்பா: மாற்றினேன். சத்தம் வருகிறது, படம் கறுப்பு!

8:06 – அத்தை: ஆயாவுக்கு இதுவே போதும் போல. கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடுகிறார். ‘முகவீணை நம்ம ஆளு, மத்தளக்காரன் புதுசு’ என்கிறார்.

8:07 – பெரியப்பா: சரியாகச் சொல்லிவிட்டாளே! பழைய மத்தளக்காரருக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

8:09 – கார்த்தி: சித்தப்பா, வீடியோ பட்டியலில் எச்.264 இரண்டு முறை இருக்கும். நீங்கள் 10 பிட் என்று எழுதியிருப்பதை எடுத்திருப்பீர்கள்.

8:10 – சித்தப்பா: ஆமாம். பத்து பெரிதாயிற்றே என்று எடுத்தேன்.

8:11 – கார்த்தி: 10 பிட் என்றால் நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதிவது, அது இந்த டிவிக்குப் புரியாது. 10 பிட் என்று இல்லாததை எடுங்கள். எச்.264 என்று மொட்டையாக இருக்கும்.

8:24 – சித்தப்பா: வந்துவிட்டது!!! படமும் சத்தமும்.

8:25 – அத்தை: ஆயா டிவிக்குக் கும்பிடு போட்டாச்சு 🙏 முட்டி ஆபரேஷனால் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கே போக முடியாதவர். மூன்று நிமிடத்தையே நாலாவது தடவை பார்க்கிறார்.

8:31 – கார்த்தி: இனி முழுசு. ஆவரேஜ் பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற இடத்தில், 4000 போடுங்கள். எட்டு பிட் ஒரு பைட். அப்படியானால் நொடிக்கு அரை எம்பி, மணிக்கு 1.8 ஜிபி. மொத்தம் 3 மணி 40 நிமிடம், ஒரே ஃபைலானால் 4 ஜிபி தாண்டிவிடும். அதனால் இரண்டாக வெட்டணும். ரேஞ்ச் என்ற இடத்தில் செகண்ட்ஸ் வைத்து, முதல் பாகம் 0-லிருந்து 6600, அடுத்தது 6600-லிருந்து 13200. இரண்டையும் க்யூவில் சேர்த்துவிட்டுப் படுங்கள்.

8:50 – சித்தப்பா: சேர்த்தாச்சு. ஏழு மணி நேரம் ஆகும் என்று காட்டுகிறது. கூத்தே அவ்வளவு நேரம் நடக்கவில்லையே! லேப்டாப் அடியில் கை வைத்தால் தோசைக்கல்.

8:52 – தேன்மொழி: டேய் கார்த்தி, அடுத்த வருடம் எடுக்கும்போதே ஒழுங்காக எடு.

8:54 – கார்த்தி: ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்தால் எச்.264-லேயே பதிவாகும். இந்தத் தடவை மறந்துவிட்டேன் அக்கா. போதாததற்கு, போன் நொடிக்கு ஒரே சீராகப் படம் எடுப்பதில்லை. எடிட்டிங்கில் போட்டால் போகப் போகச் சலங்கைச் சத்தம் ஒரு பக்கம், கால் விழுவது ஒரு பக்கம். எல்லாவற்றையும் முதலில் ஒரே சீரான கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்டுக்கு மாற்றிய பிறகுதான் வெட்டவே ஆரம்பித்தேன். இரண்டு வாரம் போனது அதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 7:40 – சித்தப்பா: பாகம் 1 தயார். பாகம் 2 பாதியில் இருக்கும்போது மூன்று மணிக்குக் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியும் சொத்தை, அணைந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடருமா?

7:44 – கார்த்தி: தொடராது சித்தப்பா. பாகம் 2-ஐ முதலிலிருந்து போடணும்.

7:45 – சித்தப்பா: போட்டுவிட்டேன். ஆயாவுக்கு இங்கே பாகம் 1 ஓடுகிறது.

9:37 – அத்தை: முதல் பாகம் முடிந்தது. துரியோதனன் சாகிற படுகளம் எங்கே என்று ஆயா கேட்கிறார்.

9:38 – சித்தப்பா: 52 சதவீதம். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று சொல்லுங்க அக்கா.

9:40 – பெரியப்பா: அதுவரைக்கும் துரியோதனன் உயிரோடுதான் இருப்பான். போய்க் களி கிண்டச் சொல்லு.